எஞ்சினுக்கு ஒரு டிரம் நல்ல தண்ணி

அவுட்போர்டு எஞ்சின் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் "நாங்க தினமும் கழுவத்தான் செய்யிறோம்" என்பார்கள். பொய்யில்லை. வள்ளத்தைக் கரையேற்றியதும் ஒரு வாளித் தண்ணீரை மேல்மூடியில் ஊற்றி, பழைய பனியனால் துடைத்து, ஸ்டிக்கர் பளபளக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எஞ்சினைக் கொல்கிற உப்பு வெளியே இல்லை. சிலிண்டரைச் சுற்றி ஓடுகிற தண்ணீர்ப் பாதைக்குள் இருக்கிறது. அங்கே வாளியும் போகாது, பனியனும் போகாது.

நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்காரன். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே ஊர். சித்தப்பாவின் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன். 8, 9.9 எச்.பி. எஞ்சின்களைத்தான் அதிகம் திறந்து பார்த்திருக்கிறேன், அதுவும் மண்ணெண்ணெயில் ஓடுகிற டூ ஸ்ட்ரோக். பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம். காருக்கு ரேடியேட்டர் உண்டு, ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். அவுட்போர்டுக்கு அது கிடையாது. கடல்தான் அதற்கு ரேடியேட்டர். கீழே கியர் பகுதியின் பக்கவாட்டில் வரிவரியாகச் சின்னத் திறப்புகள் இருக்கும். அதற்கு மேலே பம்புக்குள் ரப்பர் இம்பெல்லர் சுழன்று கடல்நீரை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாக மேலே தள்ளும். அது சிலிண்டரைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து கீழே கடலுக்கே போய்விடும். அதில் ஒரு சிறு பங்கு மட்டும் பின்பக்க ஓட்டை வழியாக வெளியே பீச்சும். "தண்ணி அடிக்குதா?" என்று கரையிலிருந்து கூப்பிட்டுக் கேட்பது இதைத்தான்.

ஓடுகிற வரைக்கும் பிரச்சினை இல்லை. நிறுத்தியதும்தான் கதை ஆரம்பிக்கிறது. பம்பு நின்றுவிடும், இரும்பும் அலுமினியமும் மட்டும் சூடாகவே இருக்கும். மூலை முடுக்கில் தேங்கிய கடல்நீர் அந்தச் சூட்டில் வற்றத் தொடங்கும்.

இங்கே உப்பளத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும். எங்கள் மாவட்டத்தில் புத்தளம், சாமித்தோப்பு பக்கம் போயிருந்தால் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எல்லாம் சாப்பாட்டு உப்பு இல்லை. நான்கில் மூன்று பங்குக்கு மேல் அதுதான் என்றாலும், மீதியில் மெக்னீசியம், கால்சியம், சல்பேட் எல்லாம் உண்டு. கடல்நீர் வற்ற வற்ற முதலில் படிவது சுண்ணாம்பு. அடுத்தது ஜிப்சம். தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டின பிறகுதான் சாப்பாட்டு உப்பு மணி மணியாக விளையும். கடைசியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் மெக்னீசியம் நிற்கும். உப்பளத்தில் இந்த வரிசை பாத்தி பாத்தியாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கிறது. எஞ்சினுக்குள் அதே வரிசை, விரல் நுழையாத சந்துக்குள் நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் சாப்பாட்டு உப்பு சாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 360 கிராம் வரை கரையும். பத்து நிமிடம் தண்ணீர் ஓடவிட்டால் போய்விடும். சண்டித்தனம் செய்வது சுண்ணாம்பும் ஜிப்சமும். சர்க்கரையும் மற்றதும் சூடு ஏறினால் கூடுதலாகக் கரையும், இவை இரண்டும் சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். எங்கே சூடு அதிகமோ அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறக்கிற வால்வு, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறக்கும்போது, கடலில் ஓடுகிற அவுட்போர்டுக்கு 50 முதல் 60 டிகிரியிலேயே திறக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை படிந்த அடுக்கு தண்ணீருக்கும் உலோகத்துக்கும் நடுவே நின்று சூட்டை வெளியேற விடாது. சூடு ஏறும், அடுத்த அடுக்கு இன்னும் வேகமாகப் படியும். "திடீர்னு சூடாயிட்டு அண்ணே" என்று கொண்டுவருகிற எஞ்சின் எதுவும் திடீரென்று சூடானதில்லை.

ஆகவே கழுவுவது என்பதே உப்பு ஈரமாக இருக்கும்போது செய்கிற வேலை. அன்றைக்கே, எஞ்சின் ஆறுவதற்கு முன்னால் கழுவினால் தண்ணீரே போதும். வலையை உதறி, மீனை ஏலம் விட்டு, டீக்கடையில் உட்கார்ந்து, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நீங்கள் கழுவுவது வேறு பொருளை.

இதையெல்லாம் கம்பெனிப் புத்தகத்திலும் போட்டிருக்கிறான். ‘ஒவ்வொரு முறையும் நன்னீரால் உட்புறத்தைக் கழுவவும்.’ அந்தப் புத்தகத்தை எழுதினவன் வீட்டு வாசலில் குழாயும் ஹோஸும் இருந்திருக்கும். அவுட்போர்டு எஞ்சினைப் பிரபலமாக்கிய ஓலே எவின்ரூட் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறியவர். 1909-இல் மில்வாக்கி நகரில் அவர் செய்து விற்ற எஞ்சின் ஏரிப் படகுகளுக்கானது. ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த இனத்தைத்தான் நாம் அரபிக்கடலில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கரையில் நல்ல தண்ணீருக்கு என்ன நிலைமை என்று கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பொதுக்குழாயில் தண்ணீர் வருகிற நாள் கணக்கு வேறு, வராத நாள் கணக்கு வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பல உப்பாகிப்போனதும் தெரியும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று கொண்டுவந்த தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றுகிறேன் என்று சொன்னால் வீட்டுக்காரி என்ன சொல்வாள்? என் சித்தி சொன்னதை இங்கே எழுத முடியாது. அவள் பக்கம்தான் நியாயம்.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சண்டை பாதி தீர்ந்துவிடும். ஒன்று, எஞ்சினுக்குக் குடிதண்ணீர் தேவையில்லை. வாயில் வைத்தால் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர் இருக்கிறதே, அதில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தால் மனுஷனுக்கு ஆகாது. எஞ்சினுக்கோ அது கடலில் பதினேழில் ஒரு பங்கு. தாராளமாக ஆகும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்தால் அதைவிட உயர்ந்தது வேறில்லை, சுண்ணாம்பே கிடையாது. நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு.

இரண்டாவது, ஒரே டிரம் தண்ணீரைப் பல எஞ்சினுக்கு வைக்கலாம். ஒரு எஞ்சினுக்குள் தேங்கிய கடல்நீர் ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம், அதில் 35 கிராம் உப்பு. 200 லிட்டர் டிரம்மில் அது கலந்தால் லிட்டருக்குக் கால் கிராம்கூட இல்லை. நாலு எஞ்சின் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினாலும் லிட்டருக்கு 0.7 கிராம்தான். கடலில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே நாலு வள்ளக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரம் வைத்துக்கொண்டால் தலைக்கு 50 லிட்டர். மேலே டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஆடை மாதிரி மிதக்கும், அதை வழித்து எறிந்துவிட்டு அடுத்த எஞ்சினை இறக்கலாம். எங்கள் பட்டறைக்குப் பின்னால் இதுதான் நடக்கிறது. "மக்கா, டிரம்முல இன்னும் தண்ணி கெடக்கா?" என்று கேட்டுக்கொண்டே தோளில் எஞ்சினைச் சுமந்து வருவார்கள். நாற்பது கிலோ அளவில் வருகிற சாமானைக் கடல்மண்ணில் கால் புதையத் தூக்கி வருபவனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

டிரம் வேலையை எப்படிச் செய்வது என்று விவரமாகவே சொல்கிறேன். டிரம்மை மண்ணில் ஆடாமல் பதித்து, குறுக்கே எஞ்சினைப் பிடிக்க ஒரு கனமான பலகையை இறுக்கிக் கட்டுங்கள். அதில் எஞ்சினை மாட்டினால் கால் டிரம்முக்குள் இறங்கும். புரப்பல்லருக்கு மேலே அகலமாக ஒரு தகடு இருக்கிறதல்லவா, அதற்கும் மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். பம்பு அங்கேதான் இருக்கிறது. புரப்பல்லரைக் கழற்றிவிடுவது நல்லது. கழற்றாவிட்டால் நியூட்ரலில்தான் ஓட வேண்டும். டிரம்முக்குள் புரப்பல்லர் சுற்றினால் தண்ணீர் முழுக்க முற்றத்தில் இருக்கும், அந்த நேரம் கையை உள்ளே விட்டவன் விரல் வேறெங்கோ இருக்கும். தண்ணீர் இல்லாமல் ‘சும்மா ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கிறேன்’ என்று கயிறு இழுக்கவே கூடாது. இம்பெல்லர் ரப்பருக்குத் தண்ணீர்தான் கிரீஸ், காய்ந்து சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் மெதுவாக, ஐடிலில், பத்துப் பதினைந்து நிமிடம். ஏன் அவ்வளவு நேரம்? எஞ்சின் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். தண்ணீர் பக்கவழியாகக் கொஞ்சம் போய்த் திரும்பும், சிலிண்டரைச் சுற்றித் தேங்கியது அப்படியே கிடக்கும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு ‘கழுவியாச்சு’ என்பவர்கள் பின்பக்க ஓட்டையை மட்டும்தான் கழுவியிருக்கிறார்கள். மேல்பக்கம் கை வைத்தால் சூடு ஏறி, பிறகு ஒரே அளவில் நிற்பது தெரியும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஓடுகிற நிமிடங்களே கணக்கு. பழைய மெக்கானிக்குகள் பீச்சுகிற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நான் சிபாரிசு செய்ய மாட்டேன், எண்ணெய் வாடை இரவுச் சோறு வரைக்கும் நிற்கும்.

மண்ணெண்ணெய் எஞ்சின்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வருவது உங்களுக்குப் பழக்கம்தான். டிரம்மில் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள், கடைசியில் டியூபைப் பிடுங்கிவிட்டுத் தானாக அணையும் வரை விடுங்கள். கார்புரேட்டர் வெறுமையாகும், அடுத்த நாள் கயிறு இழுக்கத் தோள் வலிக்காது.

ஹோஸ் மாட்டுகிற வாய் இருக்கும் புது எஞ்சின் என்றால், அதில் பெரும்பாலும் எஞ்சினை நிறுத்திவைத்துத்தான் தண்ணீர் விட வேண்டும். அந்த மாடலின் புத்தகத்தைப் பாருங்கள்.

சரி, ஏற்கெனவே அடைத்துவிட்டது என்றால்? பின்பக்கத் தண்ணீர் நூலாக வருகிறது என்றால் முதலில் அந்த ஓட்டையிலேயே நைலான் தங்கூசியை விட்டுக் குத்திப் பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும், மண்ணும் உப்பும் சேர்ந்த ஒரு உருண்டை வெளியே வரும். அது இல்லையென்றால் இம்பெல்லர். அதைக் கழற்றும்போது இறக்கைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் அது காற்றில் போகவில்லை, மேலே ஏதோ ஒரு வளைவில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்று வருகிற எஞ்சினில் நான் முதலில் தேடுவது பழைய இம்பெல்லரின் துண்டைத்தான்.

அதற்கும் பிறகுதான் தெர்மோஸ்டாட் மூடி. அந்த போல்ட்டுகளில் கை வைக்குமுன் நின்று யோசியுங்கள். அலுமினிய ஓட்டைக்குள் ஸ்டீல் போல்ட், நடுவே உப்புத்தண்ணீர் என்றால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகி, ஊதி, போல்ட்டை நாலு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். பலத்தைக் காட்டினால் தலை கையோடு வரும், உடல் உள்ளே நிற்கும். முந்தின நாளே துருநீக்கி எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. திருப்பும்போது முதலில் ஒரு மயிரிழை இறுக்கப் பாருங்கள், ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், பிறகு தளர்த்துங்கள். கால் திருப்பு வந்ததும் திரும்ப உள்ளே, மறுபடி வெளியே. பொறுமை இல்லாதவர்கள் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம்.

மூடியைத் திறந்தால் என்ன தெரியும்? போன மாதம் திறந்த ஒன்றைச் சொல்கிறேன். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய குழியில் சாம்பல் வெள்ளையில் ஒரு கட்டி. மேலே நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, வாயில் போட்டால் கரிக்கும், அது சாதா உப்பு. அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஓடு மாதிரி ஒரு அடுக்கு, நகம் வழுக்கியது. தெர்மோஸ்டாட்டின் வால்வு பாதி திறந்த நிலையில் அந்த ஓட்டுக்குள் சிக்கி நின்றது. அதை எடுத்து வினிகரில் போட்டதும் சோடாவைத் திறந்த மாதிரி நுரைத்தது. நுரைக்கிறது என்றால் சுண்ணாம்பு, கேட்கவே வேண்டாம்.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் ஒருவர் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். தயவுசெய்து வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். சுண்ணாம்பை ஒரு நிமிடத்தில் தின்னும், உண்மை. ஆனால் சுண்ணாம்போடு நிற்காது, அலுமினியத்தையும் தின்னும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அப்படிக் கழுவிய எஞ்சின் ஒன்று எங்களிடம் வந்தது. உள்ளே பளிச்சென்று இருந்தது. சிலிண்டர் ஜாக்கெட்டின் சுவரில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டைகளும் இருந்தன.

வினிகர் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதில் அசிட்டிக் ஆசிட் 5 சதவீத அளவில்தான் இருக்கிறது. சிட்ரிக் ஆசிட் இன்னும் மலிவு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். கழற்றிய பாகங்களை அதில் ஊறப்போடலாம். உள்ளே இருப்பதற்கு, தெர்மோஸ்டாட் குழி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கீழே சொட்டுவதைப் பேசினில் பிடித்துத் திரும்ப ஊற்றுங்கள். நுரை நிற்கும்போது நிறுத்திவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டால் இதுவும் அலுமினியத்தைத் தொட ஆரம்பிக்கும். பிறகு நிறையத் தண்ணீர், கடைசியில் டிரம்மில் ஒரு ஓட்டம். ஜிப்சம் மட்டும் இந்த இரண்டுக்கும் அவ்வளவாக அசையாது, மரக்குச்சியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், கீறிய இடத்தில்தான் அடுத்த அரிப்பு தொடங்கும்.

தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று அடுப்பில் பார்த்துவிடலாம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியோடு சூடேற்றினால் அதன்மேல் குத்தியிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் திறக்க வேண்டும். சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள். சித்தியைப் பற்றி முன்னமே சொன்னேன். திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கட், போல்ட் மரையில் தண்ணீர் புகாத கிரீஸ். இந்தக் கிரீஸுக்குச் செலவழிக்கும் பத்து ரூபாய்தான் அடுத்தமுறை போல்ட் உடையாமல் காப்பாற்றுவது.

ஜிங்க் கட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால் பகுதியில் மாட்டியிருக்கும் அந்தச் சாம்பல் நிறக் கட்டி அரிக்கப்படுவதற்காகவே வைத்தது. அது கரைகிற வரைக்கும் அலுமினியம் தப்பும். பாதி கரைந்தால் மாற்ற வேண்டும். வருஷக்கணக்கில் கரையாமல் புதுசாகவே இருக்கிறது என்று பெருமைப்படாதீர்கள், அது வேலை செய்யவில்லை. ஒன்று மண்ணும் துருவும் நடுவே புகுந்து தொடர்பு விட்டிருக்கும், இல்லையென்றால் திருவிழாவுக்கு வள்ளத்துக்குப் பெயிண்ட் அடித்தவர் ஆர்வத்தில் அதன்மேலும் ஒரு கோட்டிங் கொடுத்திருப்பார்.

வெளியே துடைப்பதைக் குறைத்துப் பேசினேன், அதுவும் தேவைதான். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். மெக்னீசியம் உப்புக்கு அதில் பாதி ஈரம் போதும். கடற்கரை இரவில் காற்று எப்படி இருக்கும் என்று தெரியுமே, ஓலைப்பாயே நமுத்துப்போகும். ஆக, வெளியே காய்ந்த மாதிரி தெரிகிற உப்பு ராத்திரி முழுக்க ஈரமாக இருந்து வேலை பார்க்கிறது. மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உள்ளே வயர், கார்புரேட்டர், கிளாம்பு எல்லாம் துடைத்து, மெல்ல எண்ணெய் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். ஹோஸால் பீச்சி அடிக்க வேண்டாம், காற்று இழுக்கிற வாயில் தண்ணீர் போகும்.

கடைசியாக, எஞ்சின் கடலில் முங்கினால் என்ன செய்வது. ஆனி, ஆடியில் அலை உடைகிற இடத்தில் வள்ளம் கவிழ்வது எங்கள் பக்கம் புதிதில்லை. ஆள் எல்லாரும் கரை சேர்ந்தார்களா என்று பார்த்த பிறகு, எஞ்சினை எடுத்ததும் எல்லாரும் செய்வது வெயிலில் காயவைப்பது. அதைவிடக் கெடுதல் கிடையாது. கிராங்குக்குள் இருக்கிற பேரிங் எல்லாம் ஸ்டீல். உப்புநீரோடு காற்றும் பட்டால் சில மணி நேரத்தில் துரு ஏறிவிடும். உடனே மெக்கானிக் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் எஞ்சினை முழுசாக அந்த நல்ல தண்ணி டிரம்மிலேயே அமுக்கி வையுங்கள். கேட்க வினோதமாக இருக்கும். காற்று படாமல் தண்ணீருக்குள் இருக்கும் வரை துரு வேகமாக ஏறாது. ஆள் வந்ததும் எடுத்து, பிளக்கைக் கழற்றி, தலைகீழாகச் சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே இருக்கிற தண்ணீரையெல்லாம் வெளியேற்ற வேண்டும். இழுக்கும்போது எங்காவது முட்டினால் நிறுத்திவிடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது முங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். முட்டவில்லையென்றால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, புது பெட்ரோல், புது பிளக், டிரம்மில் மாட்டி அன்றைக்கே ஸ்டார்ட் செய்து அரை மணி நேரமாவது ஓட்டிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுத் திண்ணையில் சாய்த்துவைத்தால், அடுத்த நாள் பட்டறைக்குக் கொண்டுவரும்போது கிராங்கையும் பேரிங்கையும் மாற்றுகிற காசையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.